இடது அக்குள்

பதினோரு ரவை.
இடது அக்குளுக்குள், ஒரு சாண் அகலத்தில்.
ரசாயன இலாகாவின் நோர்லீலா சொல்லச் சொல்ல
மலாயைத் தமிழாக்கி
கூண்டிலிருந்த தவசீலன் காதில் போட்டேன்.
அதுதான் என் உத்தியோகம்.

ஏழு மீட்டர், என்றார் நோர்லீலா.
அதே துப்பாக்கி, அதே பெட்டித் தோட்டா,
அட்டையில் பன்னிரண்டு முறை சுட்டுப் பார்த்தாராம்.
ஏழில்தான் ரவை அப்படி விரிகிறதாம்.

வக்கீல் பல்ஜீத் எழுந்தார்.
அட்டை ஓடி வராது, மேடம்.
அன்றைக்கு மழை. நனைந்த தோட்டாவைச் சுட்டுப் பார்த்தீர்களா?
இல்லை.
அந்த ஒரு 'இல்லை'யை
தவசீலன் என்னிடம் இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் பாகாவில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
ஆ ஹெங் கடையில் எனக்கு முன்பே விசாரணை.
டிரெய்லர் ஓட்டும் பச்சையப்பன்
துடைப்பக்கட்டையைத் தோளில் அணைத்து
மேசைகளுக்கு நடுவே அடி வைத்து எண்ணுகிறான்.
செத்தவனாக நிற்கிறான் சந்திரகாசன்,
சட்டையில் செம்பனை எண்ணெய்க் கறையோடு.
"கையத் தூக்குடா. தூக்காம அக்குள்ல எப்படிப் படும்?"
தூக்குகிறான்.
"பாத்தீங்களா, வெட்ட வந்திருக்கான்."
"அட போய்யா, சுடாதேன்னு கும்பிடறவனும் அப்படித்தான் தூக்குவான்."
"நாலு குலைக்கு ஒரு உசிரா?"
"நாப்பது குலை. லாரி நின்னுச்சு."
"லாரிய எவன் பாத்தான்?"
கல்லாவிலிருந்து ஆ ஹெங்கின் மகள், தமிழிலேயே:
"நேசன் சோத்துக் கையிலதானே வெட்டுவான்?
இது பீச்சாங்கையாச்சே."
கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம் மட்டும்.
பிறகு யாரோ கோப்பி ஓ கேட்டார்கள்.

என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டாலும் சொல்லக்கூடாது.

அருவாள் கிடந்தது மூன்று மீட்டர் தள்ளி, கால்வாயில்.
அதன் பிடியில் ரேகை இல்லை; இரவெல்லாம் நீர் ஓடியிருக்கிறது.
ரேகை இல்லாததை அரசுத் தரப்பும் காட்டுகிறது,
எதிர்த்தரப்பும் காட்டுகிறது.

மூன்றாம் நாள் பவளக்கொடி வந்தாள்,
உதிரிப்பழம் பொறுக்குகிறவள்.
விரல் நுனிகளில் இன்னும் முள் கீறல்.
"பாத்தேன் ஐயா.
கைய ஓங்குனாப்ல தூக்குனான்."

நீதிபதி பேனாவோடு காத்திருந்தார்.
அரசுத் தரப்புக்குத் தமிழ் தெரியாது, பல்ஜீத்துக்கும் தெரியாது.
ஓங்குதல் வேறு, தூக்குதல் வேறு.
வீசுவதற்கு மலாயில் சொல் உண்டு,
வெட்டுவதற்கு உண்டு.
அடி விழுவதற்கு முந்திய அந்த நொடிக்கு,
கை மேலே நின்று
இன்னும் எதுவும் ஆகாத அந்த நொடிக்கு,
என் வாயில் அப்போது எதுவும் வரவில்லை.
'போல'வை எங்கே வைப்பது?

அங்காட் தாங்ஙான், என்றேன்.
கை தூக்கினான்.
எழுதிக்கொண்டார்கள்.
பவளக்கொடி என்னைப் பார்த்தாள்.
நான் சொன்னது அவளுக்கு விளங்கியிருக்கும்,
சந்தையில் மலாய் பேசுகிறவள்தானே.
ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.
சாட்சிப் படியாக இருபது வெள்ளி கிடைக்குமா என்று
வெளியே குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதினாறு வருசத்தில்
சொல்லைத் திருத்த எழுந்து நின்றதில்லை நான்.
எழுந்திருக்கலாம்.
யுவாங் ஆரிஃப், ஒரு சொல் விட்டுப்போனது என்று.
எந்தச் சொல் என்று கேட்பார்.

மறுநாள் காலை சிரம்பான் பஸ்ஸில் உட்கார இடமில்லை.
முன்படிக்கட்டருகே நேசனின் அம்மா.
மூன்று ஆள் தள்ளி தவசீலனின் மனைவி,
இடுப்பில் குழந்தை, சோற்றுப் பாத்திரம்.
ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்க
இருவரும் ஜன்னலையே பார்க்கிறார்கள்,
ஜன்னலில் வரிசை வரிசையாகச் செம்பனை.
வளைவில் பஸ் சாய்ந்தது.
மேல்கம்பியைப் பிடிக்க எல்லாருக்கும் கை உயர்ந்தது,
எனக்கும்.
இடது கை. வலதில் கோப்பு இருந்தது.

இன்றைக்கு பல்ஜீத் நனைந்த தோட்டா கொண்டு வருவாராம்.
கோலா பிலா வந்ததும் பாதிப் பேர் இறங்கினார்கள்.
உட்கார இடம் கிடைத்தது.